குற்றவாளி கழுவாத கையா?

சென்ற ஆண்டு எம் பள்ளியில் நடந்த அலகுத் தேர்வு ஒன்றின் விடைத்தாள்கள் என் மேசைக்கு வந்தன. தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றபின் தாள் திருத்தும் வேலை எனக்குக் குறைந்துவிட்டது. எனினும் திருத்திய தாள்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. ஆறாம் ஆண்டு அறிவியல். நுண்ணுயிர்கள் பற்றிய பகுதி. கடையில் விற்கும் பயிற்சி நூல் ஒன்றிலிருந்து எடுத்த வினா அது: "வாந்திபேதி எத்தகையவர்களுக்கு எளிதில் உண்டாகிறது?" வகுப்பிலிருந்த 23 பேருள் 22 பேர், "தூய்மை பேணாதவர்களுக்கு" என்று எழுதி முழுப் புள்ளி பெற்றிருந்தனர். ஒரு சிறுமி மட்டும், "நல்ல தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு" என்று எழுதியிருந்தாள். அவள் விடையின் மேல் சிவப்பு மையில் பிழைக்குறி இருந்தது.

ஆசிரியையை அழைத்துக் கேட்டேன். "ஐயா, விடைப்பட்டியில் அப்படித்தான் இருக்கிறது" என்றார். அவர் கடமையில் குறைவைக்காதவர். அவரைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. குறைகூறப் புகுந்தால் முதற் குற்றவாளி நானே. பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்த நாள் முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே விடையை நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான். அந்தச் சிவப்புக் குறிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆசிரியப் பெருமக்களே, நாம் கிருமிப் பாடம் என்ற பெயரில் நடத்துவது அறிவியலா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அழுக்கில் கிருமி வாழ்கிறது. கிருமி நோயைத் தருகிறது. ஆகவே தூய்மையாக இருங்கள் என்கிறோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நாம் நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை. நோய் வந்தவன் அழுக்கானவன், அழுக்கானவன் சோம்பேறி, சோம்பேறிக்கு வந்தது தகும் என்று அவர்களே அடுத்த படிகளை ஏறிவிடுகிறார்கள். நம் பேச்சுப் போட்டி மேடைகளில் சுகாதாரத்தைப் பற்றி முழங்கும் சிறுவர் சிறுமியரின் குரலைக் கூர்ந்து கேட்டால் இது விளங்கும். அவர்கள் நோயை விளக்குவதில்லை, நோயாளியைக் கண்டிக்கிறார்கள். நன்னெறிப் பாடத்துக்கு வெள்ளைச் சட்டை மாட்டி ஆய்வுக்கூடத்துக்குள் அனுப்பி வைத்தது நாம்தான்.

இதில் எனக்கென்ன இவ்வளவு சினம் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

1978ஆம் ஆண்டில் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் இருந்த இரப்பர்த் தோட்டத்தில் துரையின் பங்களா வரை குழாய் நீர் வந்தது; லயத்துக்கு வரவில்லை. லயத்துக் குடும்பங்கள் அனைத்துக்கும் ஒரே கிணறு. பொதுக் கழிப்பிடம் மேட்டில் இருந்தது; கிணறு பள்ளத்தில் இருந்தது. எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்கள் அந்தக் கிணற்றில் ஒரு நாளும் நீர் குடித்ததில்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில் லயத்துக் குழந்தைகள் பலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. என் தங்கைக்கு அப்போது பதினான்கு மாதம். பாட்டி, "தண்ணி குடுக்காதே தாயி, குடுத்தா இன்னும் போகும்" என்றார். அம்மா கொடுக்கவில்லை. குழந்தை கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். இரண்டாம் நாள் அழுவதற்கும் கண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனாள். தோட்டத்து டிரசர் வந்து பார்த்துவிட்டு, கூடியிருந்தவர்கள் காதுபட, "இதுகளுக்குச் சுத்தம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பால்மரம் வெட்டியவர். பாலின் நாற்றம் விரலை விட்டுப் போகும்வரை சவுக்காரம் போட்டுத் தேய்ப்பார். அவரைப் போலக் கை கழுவியவரை நான் இன்றுவரை கண்டதில்லை. கழுவியது அந்தக் கிணற்று நீரில். அதன்பின் உயிரோடு இருந்த முப்பது ஆண்டுகளும் தன் கைகளால்தான் மகள் செத்தாள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கலைக்கும் அறிவு அப்போதே உலகில் இருந்தது. அது எங்கிருந்தது, எங்ஙனம் பிறந்தது என்பதை நான் ஐம்பதை நெருங்கும்போதுதான் படித்தறிந்தேன்.

1884இல் இராபர்ட் கோக் என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதி நோயாளிகளின் குடலிலிருந்து, காற்புள்ளி போல வளைந்த ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1854இலேயே இத்தாலியின் பச்சினி அதனைக் கண்டு எழுதியிருந்தார், எவரும் செவிசாய்க்கவில்லை. நம் பாடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன: கிருமியைக் கண்டார்கள், ஆகவே காரணத்தைக் கண்டார்கள். ஆனால் மியூனிக் நகரத்துப் பெட்டன்கோஃபர் இதனை ஒப்பவில்லை. கிருமி மட்டும் நோயைத் தராது என்று வாதிட்ட அவர், எழுபதைக் கடந்த அகவையில், 1892இல், அக்கிருமிகள் நிறைந்த நீரைத் தாமே குடித்துக் காட்டினார். சிறிது வயிறு கலங்கியது, பிழைத்துக்கொண்டார். அவர் கொள்கை தவறானது. ஆயினும் அவர் எழுப்பிய ஐயத்துக்கு அன்று எவரிடத்தும் விடை இல்லை. கிருமி குடலுக்குள் சென்று என்ன செய்கிறது? குடலைக் கடிக்கிறதா, துளைக்கிறதா, குருதியில் கலந்து கொல்கிறதா? ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு ஓர் உடலிலிருந்து நீர் வெளியேறுவது எதனால்?

இவ்வினாவுக்கு விடை காண எழுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. கண்டவர் இலண்டனிலோ பெர்லினிலோ இருந்தவர் அல்லர். கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியராக இருந்த சம்புநாத் தே என்பவர். 1915இல் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பெரிய கருவிகள் எவையும் அவரிடம் இல்லை. முயல்கள் இருந்தன, நூல் இருந்தது, தெளிந்த சிந்தனை இருந்தது. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அந்தக் கட்டுக்குள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தால் அப்பகுதி நீரால் உப்பியிருந்தது; சோறு வடித்த கஞ்சி போன்ற அதே நீர். இது 1953இல் வெளியாயிற்று. பின்னர் 1959இல், கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, ஒரு கிருமியும் இல்லாத அந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆம், கிருமியே இல்லை, நோய் மட்டும் வந்தது! கொல்வது கிருமியின் உடல் அன்று, அது வெளியிடும் நச்சே என்பது அன்று ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது. 'நேச்சர்' இதழில் வந்த மிகச் சிறிய கட்டுரை அது.

இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1956இல், அவரும் உடனாய்வாளர்களும் இன்னொன்றையும் காட்டியிருந்தனர். எசரிக்கியா கோலி என்னும் பாக்டீரியா நம் ஒவ்வொருவர் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த அதன் சில வகைகள் முயற்குடலை அதேபோல் உப்பச் செய்தன. ஒரே பெயர், ஒரே தோற்றம். ஒன்று நம்மோடு வாழ்கிறது, மற்றொன்று நம் பிள்ளைகளைக் கொல்கிறது. ஏழை நாடுகளில் கைக்குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெருங்காரணங்களுள் இவ்வகையும் ஒன்று. என் தங்கையின் குடலில் இருந்தது எது என்று எவரும் ஆராயவில்லை.

தே அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நோபெல் பரிசாளர் ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978இல் சுவீடனில் நடந்த நோபெல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். அவர் நாட்டின் அறிவியல் கழகங்களோ, அவர் உயிரோடிருந்தவரை அவரை உறுப்பினராக்கிச் சிறப்பிக்கவில்லை. 1985இல் மறைந்தார். நம் மாணவர்கள் அறிவியலறிஞர் வரலாறு எழுதும்போது நியூட்டனும் எடிசனும் வருகிறார்கள். மிஞ்சினால் இராமன் வருகிறார். தே வருவதில்லை. நாம் சொல்லிக்கொடுத்தால்தானே வருவார்?

அந்த நச்சு செய்வது என்ன? அடுத்து வந்த ஆய்வாளர்கள் அதனை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்துப் பார்த்தனர். 1969இல் நச்சு தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் இரு பகுதிகள் உண்டு. ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம் ஒன்று குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது; தனியாயுள்ள ஆறாம் துண்டு உள்ளே நுழைகிறது. நம் குடலின் உயிரணுக்களில் நீரையும் உப்பையும் வெளிவிடும் வழிகள் இயல்பாகவே உண்டு. உண்ட உணவைக் குழைக்க நீர் வேண்டுமன்றோ? அவ்வழிகள் தேவையானபோது திறக்கும், தேவை முடிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். உள்ளே நுழைந்த நச்சு அந்த மூடும் பிடியைப் பழுதாக்கிவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பிடியைக் கழற்றி எறிந்தது போல என்று வகுப்பில் சொல்லுங்கள். கடைசி வரிசைப் பையனுக்கும் விளங்கும். குடல் புண்படவில்லை, அழுகவில்லை. திறந்த குழாய் மூடவில்லை, அவ்வளவே. உடலின் நீரும் உப்பும் வடிந்துபோகின்றன. நோயாளி வறண்டு சாகிறான்.

இங்கேதான் அம்மாவின் கிண்ணம் நினைவுக்கு வருகிறது. நீர் வெளியேறும் வழி மூடவில்லை, சரி. உள்ளே வரும் வழி? 1960இல் பிராகு நகரில் நடந்த கூட்டமொன்றில் இராபர்ட் கிரேன் என்பவர், குடலில் சர்க்கரையும் உப்பின் சோடியமும் ஒரே வாயில் வழியாக, ஒன்றன் கையை மற்றொன்று பற்றிக்கொண்டு நுழைகின்றன என்று விளக்கினார். அவை நுழையும்போது நீரும் பின்தொடர்கிறது. வாந்திபேதி நச்சு இந்த வாயிலைத் தொடுவதில்லை. ஆகவே வெறும் நீர் போதாது, வெறும் உப்பும் போதாது. சர்க்கரையும் உப்பும் அளவோடு கலந்த நீரைக் கொடுத்தால் வெளியேறும் நீரை உள்ளே வரும் நீர் ஈடுசெய்துவிடும். 1968இல் டாக்காவில் நோயாளிகளிடம் இது மெய்ப்பிக்கப்பட்டது. 1971இல் வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர் முகாம்களில் வாந்திபேதி பரவியது. பங்காவ் என்னுமிடத்தில் திலீப் மகாலனபிஸ் என்னும் மருத்துவர் ஊசிமருந்தின் வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோய்விட்ட நிலையில், உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த பொட்டலங்களை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினரையே குவளையால் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அம்முறையின்கீழ் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாயிற்று.

ஆண்டினை மீண்டும் பாருங்கள்: 1971. எங்கள் லயத்தில் குழந்தை கிண்ணத்தைப் பார்த்து அழுதது 1978. இடையில் ஏழாண்டுகள். ஒரு லிட்டர் தூய நீர், தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எங்கள் வீட்டில் சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது, நீரைக் கொதிக்க வைக்க விறகும் இருந்தது. இல்லாதது ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். இருந்த ஒருவர் சுத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

கை கழுவச் சொல்வது தவறா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அன்று. கை கழுவுதல் நன்று. எம் பள்ளியில் உணவு வேளைக்கு முன் வரிசையில் நின்று கழுவ வைப்பவன் நான். ஆனால் ஒரு பழக்கத்தை ஒரு நோயின் முழுக் காரணமாக்குவது பொய். வங்காளதேசத்துச் சிற்றூர்களில் இரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவர் குழுவினரும் செய்ததைப் பாருங்கள். வாந்திபேதிக் கிருமி உப்பங்கழி நீரில் இயற்கையாகவே வாழ்வது. கண்ணுக்குத் தெரியாத சிறு நீருயிர்களின் உடலில் ஒட்டிக்கொண்டிருப்பது. ஆகவே பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து அதன்வழி நீரை வடிகட்டினால் அந்த நீருயிர்களோடு கிருமியும் பெரும்பாலும் நின்றுவிடும். அவ்வாறு வடிகட்டிய ஊர்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2003இல் வெளியான முடிவு இது. அங்குள்ள பெண்களை அழுக்கானவர்கள் என்று எவரும் பழிக்கவில்லை. கிருமி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைக் கண்டு சொன்னார்கள். சேலை அவர்களிடமே இருந்தது.

மேலும் கேளுங்கள். உப்பங்கழியில் வாழும் அக்கிருமிகளுள் பெரும்பாலானவற்றிடம் அந்த நச்சே கிடையாது. பிறகு சிலவற்றுக்கு எங்கிருந்து வந்தது? 1996இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த வால்டரும் மெகாலனோசும் இதற்கு விடை கூறினர். நச்சைச் செய்யும் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்து அன்று. பாக்டீரியாவைத் தொற்றும் நூலிழை போன்ற வைரஸ் ஒன்று அதனைச் சுமந்துவந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. கிருமிக்கே ஒரு தொற்று! தீங்கற்ற நீர்வாழ் உயிர் ஒன்று, தனக்கு வந்த தொற்றினால் கொலையாளியாகிறது. பயிற்சி நூல்களில் கொம்பும் பல்லும் வைத்து வரையப்படும் கிருமியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. 2000ஆம் ஆண்டில் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்துகள் கொண்டது. நச்சினைக் குறிப்பவை அவற்றுள் ஒரு மூலையில் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்துகள் மட்டுமே.

இந்த எழுத்துகளைப் படிக்கும் ஆற்றல் வந்தபின் பழியைச் சுமத்துவோர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. 2011 மே மாதம் செருமனியின் வடபகுதியில் குருதி கலந்த வயிற்றுப்போக்குப் பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர். 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதிகாரிகள் முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைச் சுட்டிக்காட்டினர். ஸ்பானிய உழவர்களின் காய்கள் குவியல் குவியலாக அழுகிப் போயின. பின்னர் பார்த்தால் அவ்வெள்ளரியிலிருந்த கிருமி வேறு, நோயாளிகளிடமிருந்த கிருமி வேறு. சில நாள்களிலேயே நோய்க்கிருமியின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது. அதுவும் எசரிக்கியா கோலியே. அதற்கும் ஒரு வைரஸ் வழியாக வேறொரு நச்சின் மரபணு கிடைத்திருந்தது. கடைசியில் தடம் சென்று நின்ற இடம் செருமனியிலேயே இருந்த ஒரு முளைப்பயிர்ப் பண்ணை. எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தின் முளை. நோயுற்றவர்கள் யார்? உடல்நலம் கருதிப் பச்சை முளைகளை உண்டவர்கள். தூய்மைக்குப் பேர்போன நாட்டினர். எங்கள் தோட்டத்து டிரசர் அங்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஹெயிட்டியின் கதை இதைவிடக் கொடியது. 2010 அக்டோபரில் அந்நாட்டில் வாந்திபேதி தோன்றியது. அதற்கு முன் நூறாண்டுக் காலத்துக்குக் குறையாமல் அந்நோய் அங்கே இருந்ததில்லை. அவ்வாண்டு தொடக்கத்தில் நிலநடுக்கத்தால் சிதைந்த ஏழை நாடு அது. ஏழைகள், கூடாரவாசிகள், கழிப்பிடமற்றவர்கள். ஆகவே நோய் வந்தது என்றுதானே நம் விடைப்பட்டி கூறும்? நாட்டிற்குள்ளேயே மக்கள் வூடு பூசாரிகளைச் சந்தேகித்து 40க்கும் மேற்பட்டோரை அடித்துக் கொன்றனர். ஆனால் நோய் கூடாரங்களில் தொடங்கவில்லை. ஆர்ட்டிபோனிட் ஆற்றின் மேற்பகுதியில் தொடங்கியது. அங்கே ஒரு துணையாற்றின் கரையில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாம் இருந்தது. நேப்பாளத்திலிருந்து படைவீரர்கள் புதிதாக வந்திருந்தனர். முகாமின் கழிவு ஆற்றில் கலந்தது. முதலில் மறுத்தார்கள். 2011இல் நேப்பாளக் கிருமிகள் 24இன் மரபணுத் தொகுதிகளும் ஹெயிட்டியின் கிருமிகளும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்பட்டன. அவற்றுள் ஒரு தொகுதி நேப்பாளக் கிருமிகளுக்கும் ஹெயிட்டிக் கிருமிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு, 40 இலட்சம் எழுத்துகளில் ஓர் எழுத்து அல்லது இரண்டு! படைவீரர்களை நான் குறைகூறவில்லை. அவர்களும் ஓர் ஏழை நாட்டுப் பிள்ளைகளே. அந்த முகாமுக்குக் கழிவுக் குழாய் போட்டவர்கள், போட்டதைச் சோதிக்காதவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இழப்பீடு கோரிய மனுவை 2013இல் ஐக்கிய நாடுகள் சபை தள்ளியது. 2016 டிசம்பரில்தான் அதன் தலைமைச் செயலாளர் பான் கி மூன் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

கழிப்பிடம் மேட்டில், கிணறு பள்ளத்தில். ஹெயிட்டியைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இனி என் நண்பர்கள் கூறும் மறுப்பு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மரபணுவும் மூலக்கூறும் எதற்கு, அவை பல்கலைக்கழகத்துச் செய்திகள் என்கிறார்கள். இக்கூற்றை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. நான் மேலே கூறியவற்றுள் எந்த ஒன்று அப்பிள்ளைக்கு விளங்காதது? கட்டிய குடலா, பிடி கழன்ற குழாயா, கைகோத்து நுழையும் சர்க்கரையும் உப்புமா? வேதியியல் பெயர்களைத்தான் பல்கலைக்கழகத்துக்கு விட வேண்டும். காரணத்தை விட வேண்டியதில்லை. காரணம் அறியாத பிள்ளை கட்டளையை மட்டுமே மனனம் செய்யும். கட்டளையை மீறியவனை இகழும்.

மற்றொரு சாரார் இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்கிறார்கள். 2003 தொடங்கிச் சில ஆண்டுகள் நம் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் நடந்தபோதும் இதே கேள்வி. அது கைவிடப்பட்ட பின்பும் இதே கேள்வி. நான் நீண்ட விடை சொல்லப் போவதில்லை. இதுவரை நீங்கள் படித்தது எந்த மொழி?

அந்தச் சிறுமியை அழைத்தேன். எதனால் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். பயந்துவிட்டாள் போலும், தவறு என்று நினைத்துக் கண்கலங்கினாள். பிறகு மெல்ல, அவள் பாட்டி சிறுவயதில் தோட்டத்தில் இருந்தபோது ஆற்று நீரைக் குடித்து இரண்டு தம்பிகளை இழந்ததாகச் சொன்னாராம். "பாட்டி ரொம்பச் சுத்தம் ஐயா" என்றாள்.

சிவப்புக் குறியை அடித்துவிட்டு முழுப் புள்ளி போட்டுக் கையொப்பமிட்டேன். ஆசிரியை அருகில் நின்றிருந்தார். "அப்படியென்றால் மற்ற 22 தாள்களை என்ன செய்வது, ஐயா?" என்றார். பாதிப் புள்ளி கொடுங்கள் என்றேன். பெற்றோர் வந்து கேட்பார்களே என்றார். வரட்டும், என் அறைக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தாள்கள் என் மேசையில்தான் இருக்கின்றன.